ஐபியா, ஏ லெவலா? பிள்ளைக்குப் பிடிக்காத பாடத்திலிருந்து தொடங்குங்கள்

பத்தாம் வகுப்புக்கு இணையான ஐஜிசிஎஸ்இ முடித்த பிள்ளைகளின் பெற்றோர், அடுத்த இரண்டு வருஷத்துக்கான ஐபி, ஏ லெவல் என்ற சர்வதேசப் படிப்புகளில் “எது கஷ்டம்?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு. உங்கள் மகளுக்கு அறவே பிடிக்காத பாடம் எது? அதை இன்னும் இரண்டு வருஷம் படிக்க அவள் தயாரா?

தயார் என்றால் ஐபி டிப்ளமோவைப் பற்றிப் பேசலாம். தாய்மொழி அல்லது நன்கு தெரிந்த மொழியின் இலக்கியம், இன்னொரு மொழி, வரலாறு, பொருளாதாரம் போன்ற சமூக அறிவியல் பாடம் ஒன்று, அறிவியல், கணக்கு என்று ஐந்தையும் தொட்டே ஆக வேண்டும். ஆறாவதாகக் கலைப்பாடம், வேண்டாமென்றால் அதற்குப் பதில் இன்னொரு அறிவியலோ பொருளாதாரமோ எடுக்கலாம். ஆறில் பொதுவாக மூன்று ஹையர் லெவல் (ஆழமாகப் படிப்பது), மூன்று ஸ்டாண்டர்ட் லெவல் (அதைவிடக் குறைவான அளவு). ஏ லெவலில் இந்தக் கட்டாயமே இல்லை. மூன்று பாடம், தெம்பிருந்தால் நான்கு. கணக்கே வேண்டாம் என்றாலும் யாரும் தடுக்க மாட்டார்கள்.

இரண்டும் பிறந்த காரணமே வேறு. 1951இல் இங்கிலாந்தில் வந்த ஏ லெவல், ஒரு துறைக்குள் ஆழமாகப் போகும் மாணவர்களை அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்குத் தயார் செய்தது. ஐபி 1968இல் ஜெனீவாவில் தொடங்கியது. நாடு விட்டு நாடு மாறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, எந்தத் தேசத்துப் பல்கலைக்கழகமும் ஏற்கும் ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது.

கணக்குப் பைத்தியமான பையனுக்கு என் ஓட்டு ஏ லெவலுக்குத்தான். மேத்தமேட்டிக்ஸ், ஃபர்தர் மேத்தமேட்டிக்ஸ், ஃபிசிக்ஸ் என்று எடுத்துவிட்டால் வாரம் முழுக்க அவனுக்குத் திருவிழா. கேம்பிரிட்ஜ் வாரியம் நடத்தும் ஏ லெவலில் முதல் வருஷ முடிவிலேயே, அதன் முதல் பாதியான ஏஎஸ் தேர்வை எழுதி, அந்த மதிப்பெண்ணை அடுத்த வருஷத்தோடு சேர்த்துக்கொள்ளவும் முடியும். ஐபியில் பொதுவாக எழுத்துத் தேர்வு அத்தனையும் இரண்டாம் வருஷக் கடைசியில், சில வாரங்களுக்குள் வந்து குவியும்.

ஆனால் ஐபியிடம் இருக்கும் எக்ஸ்டெண்டட் எஸ்ஸே என்ற நீள் கட்டுரையை நினைத்தால் என் மனசு சாய்ந்துவிடும். பதினேழு வயதுப் பிள்ளை தானே ஒரு கேள்வியை எழுப்பி, மாதக்கணக்கில் தேடிப் படித்து, 4,000 சொற்களுக்குள் கட்டுரையாக்க வேண்டும். ஆசிரியர் வழிகாட்டுவார், எழுதித் தர மாட்டார். கல்லூரியில் முதல் ஆய்வுக் கட்டுரைக்கு மற்றவர்கள் திணறும்போது இந்தப் பயிற்சியின் அருமை தெரியும். இதற்கும், ‘நமக்குத் தெரிந்தது எப்படித் தெரியும்?’ என்று அலசும் தியரி ஆஃப் நாலெட்ஜ் பாடத்துக்கும் சேர்த்தே அதிகபட்சம் 3 மதிப்பெண்தான். ஆறு பாடத்துக்குத் தலா 7 வீதம் 42, ஆக மொத்தம் 45. அந்த மூன்றை அற்பம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இந்த இரண்டில் ஒன்றில் கடைசி கிரேடான ‘ஈ’ வாங்கினாலும் டிப்ளமோ கிடைக்காது. சேவை, விளையாட்டு, படைப்பு சார்ந்த சிஏஎஸ் பகுதிக்கு மதிப்பெண்ணே இல்லை, ஆனாலும் முடிக்காவிட்டால் டிப்ளமோ இல்லை.

அறிவியல் செய்முறையிலும் இரண்டின் போக்கும் வேறு. கேம்பிரிட்ஜ் ஏஎஸ் கெமிஸ்ட்ரியில் ஆய்வகத்துக்குள் இரண்டு மணி நேரத் தேர்வு. கை வேகம் வேண்டும். ஐபியில் மாணவரே சோதனையை வடிவமைத்து அறிக்கை எழுதுவார், அது மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம்.

இந்தியாவில் மருத்துவம் படிக்க நினைப்பவர்கள் இங்கே கவனமாக நிற்க வேண்டும். ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றும் தேவை. ஏ லெவலில் மூன்றையும் அப்படியே எடுக்கலாம். ஐபியின் வழக்கமான அமைப்பில் இரண்டு அறிவியலுக்குத்தான் இடம், மூன்றாவதற்குத் தனி அனுமதி கேட்க வேண்டும். எதை எடுத்தாலும் நீட் பாடத்திட்டம் வேறு என்பதால் அந்தப் படிப்பு தனியாக நடக்கும். டாக்டர் கனவு உறுதியானது என்றால் இந்த இரண்டையுமே நான் சொல்ல மாட்டேன்.

தேதிகளையும் பாருங்கள். மே மாதத் தேர்வுக்கான ஐபி முடிவு ஜூலை முதல் வாரம் வரும். ஜூன் பருவ ஏ லெவல் முடிவு ஆகஸ்டில்தான். உள்ளூர்க் கல்லூரிச் சேர்க்கை அதற்குள் முடிந்துவிடலாம். இதற்காகவே இந்தியாவுக்கென்று கேம்பிரிட்ஜ் மார்ச் பருவத் தேர்வும் நடத்துகிறது. உங்கள் பள்ளி அதில் எழுத வைக்கிறதா என்று விசாரியுங்கள்.

ஐபி என்று முடிவெடுத்தால் ஃபீஸ் பேசுவதற்கு முன்பே இன்னொன்றையும் கேளுங்கள். பிள்ளை விரும்பும் மூன்று பாடங்களையும் ஹையர் லெவலில் எடுக்க அந்தப் பள்ளியின் டைம்டேபிளில் இடமிருக்கிறதா? சிறிய பள்ளிகளில் பல சமயம் இருப்பதில்லை.