அப்வொர்க்கா, ஃபைவரா?

இணையத்தில் எழுத்து வேலை தேடுகிறவர்களில் பலர் முதலில் வந்து நிற்பது இந்த இரண்டு தளங்களில்தான்.

அப்வொர்க்கில் வேலை கொடுப்பவர் விளம்பரம் போடுவார், நாம் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு 'கனெக்ட்ஸ்' (விண்ணப்பிக்கத் தளத்தில் பயன்படும் டோக்கன்கள்) செலவாகும். ஒன்றின் விலை 0.15 டாலர், ஒரே வேலைக்குப் பல தேவைப்படும். அவர் வேறொருவரை எடுத்துவிட்டால் அந்தக் காசு போனதுதான். அதனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் அனுப்பாதீர்கள். அவருடைய பணம் செலுத்தும் முறை சரிபார்க்கப்பட்டதா, இதுவரை எவ்வளவு செலவழித்திருக்கிறார், முன்பு எழுதியவர்கள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம், அவர் கேட்கும் தலைப்பை ஒட்டி நீங்கள் எழுதிய ஒரு மாதிரியை இணையுங்கள். எல்லாருக்கும் ஒரே கடிதம் அனுப்பினால் பதில் வருவது அபூர்வம்.

ஃபைவர் இதற்குத் தலைகீழ். 'ஆயிரம் சொல்லில் தோட்டக்கலைக் கட்டுரை, இத்தனை டாலர்' என்று கடை விரித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். விண்ணப்பச் செலவு இல்லை. ஆனால் வருமானத்தில் 20 சதவீதம் தளத்துக்குப் போய்விடும். வேலை முடிந்த பிறகும் புதியவர்கள் பணத்துக்கு 14 நாள் பொறுக்க வேண்டும்.

ஒரே வாடிக்கையாளருக்குத் தொடர்ந்து எழுத நினைப்பவர்களுக்கு என் ஓட்டு அப்வொர்க்குக்கே. சின்னச் சின்ன வேலைகள் போதுமென்றால் ஃபைவர் சரி. எங்கே போனாலும், 'டெலிகிராமுக்கு வாங்க, முதலில் டெபாசிட் கட்டுங்க' என்று யாராவது சொன்னால் உடனே விலகிவிடுங்கள்.