டிஸ்க்கா, நாஸ் பெட்டியா, கிளவுடா, டேப்பா: பொது ஆய்வகத்துத் தரவை எங்கே வைப்பது?

பல குழுக்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப் கணினியின் டிஸ்க் நிறைந்துவிட்டால் அன்றைக்கு வேலை ஓடாது. அடுத்து வருபவர் யாருடைய கோப்பை அழிக்கலாம் என்று துழாவத் தொடங்குவார். தரவை அன்றன்றே அங்கிருந்து கிளப்பியாக வேண்டும்.

முதலில் எல்லோரும் தேடுவது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை. எங்கள் மேசை டிராயரில் அப்படி ஆறு கிடக்கின்றன. ஒன்றில் லேபிள் உரிந்துவிட்டது. இன்னொன்றில் 'ஃபைனல்_புதுசு_2' என்றொரு ஃபோல்டர், அதற்குச் சொந்தக்காரர் படிப்பை முடித்துப் போயே போய்விட்டார். போதாததற்கு, ஒரு கருவியின் வைரஸை அடுத்த கருவிக்குச் சுமப்பதும் இதுதான்.

அன்றாட அலசலுக்கு நாஸ்தான் (நெட்வொர்க் வழியே எல்லோரும் பகிரும் டிஸ்க் பெட்டி) வசதி. அதில் தரவைப் பல டிஸ்க்குகளில் பரப்பிக் காக்கும் ரெய்டு 6 முறையைப் போட்டிருந்தால் இரண்டு டிஸ்க் போனாலும் தரவு தப்பும். ஆனால் தெரியாமல் அழித்துவிட்டால் ரெய்டு காப்பாற்றாது. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில் சுமார் 77 டெராபைட் அழிந்தது. டிஸ்க் பழுதால் அல்ல, பேக்கப் ஸ்கிரிப்டில் நேர்ந்த கோளாறால்!

கிளவுடில் போடுவது மலிவு, எடுக்கும்போதுதான் உறைக்கும். அமேசானின் நெடுநாள் சேமிப்புச் சேவையான கிளேசியர் டீப் ஆர்க்கைவில் சாதாரண முறையில் கேட்ட கோப்பு கைக்கு வர 12 மணி நேரம் வரை ஆகலாம். வெளியே இறக்கத் தனிக் கட்டணம். திட்ட நிதி தீர்ந்த பிறகும் மாதாமாதம் பில் வரும், அது யார் தலையில்? இன்னொரு ஊரில் ஒரு பிரதி இருக்கட்டும் என்ற அளவுக்கு நல்லது.

நெடுங்காலச் சேமிப்புக்கு என் ஓட்டு டேப்புக்குத்தான், அதாவது காந்த நாடாவுக்கு. எல்டிஓ என்ற டேப் வகையின் ஒன்பதாம் தலைமுறையான ஓர் எல்டிஓ-9 டேப்பில் சுருக்காமலே 18 டெராபைட் அடங்கும். அலமாரியில் இருக்கும் டேப்புக்கு மின்சாரம் வேண்டாம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் எட்டாது. டேப்பை எழுதிப் படிக்கும் டிரைவ்தான் விலை அதிகம். தனி ஒரு குழுவுக்குக் கட்டுப்படியாகாததைப் பொது ஆய்வகம் வாங்கலாம். ஒரு சிக்கல்: எல்டிஓ-9 டிரைவ் எல்டிஓ-8 வரைதான் படிக்கும், 7-ஐத் தொடாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புது டேப்புக்கு மாற்றியே ஆக வேண்டும்.

எதில் வைத்தாலும் யாருடையது, எந்தக் கருவி, எந்த ஆய்வு மாதிரி, எஸ்ஹெச்ஏ-256 மதிப்பு (கோப்பு மாறியதா என்று காட்டும் கைரேகை போன்ற எண்) என்ன என்ற பதிவேடு இல்லையென்றால் டேப்பும் அந்த டிராயரும் ஒன்றுதான். மாதம் ஒரு கோப்பை டேப்பிலிருந்து எடுத்துத் திறந்து பார்க்கிறோம். போன மாதம் மதிப்பு அச்சாகப் பொருந்தியது, படம் மட்டும் பாதியில் நின்றது. மைக்ராஸ்கோப் எழுதிக்கொண்டிருக்கும்போதே யாரோ காப்பி எடுத்திருக்கிறார்.