பேட்டையில் போர்டு இல்லாத ஒரு ஆட்டோ எலக்ட்ரிக் கடை

அம்பாசமுத்திரத்துல இருந்து தினமும் பாளையங்கோட்டைக்கு கார்ல போய்வர டீச்சர் நான். வண்டி 2012 மாடல், பெட்ரோல். கொஞ்ச நாளா காலையில ஸ்டார்ட் பண்ணினதும் 'கீய்ய்ய்'னு ஒரு சத்தம். தெருவே எட்டிப் பாக்கும். ரெண்டு நிமிஷத்துல தானா அடங்கிரும். சாயங்காலம் பத்தமடை தாண்டி ஹெட்லைட்டும் ஏசியும் சேந்து ஓடினா, டாஷ்போர்டுல பேட்டரி எச்சரிக்கை லைட் மங்கலா எரிய ஆரம்பிக்கும்.

முதல்ல காட்டின இடத்துல பானெட்டைக்கூடத் திறக்கல. "பேட்டரி போச்சு"ன்னு சொல்லி 4,600 ரூபாய்க்குப் புதுசு மாட்டிவிட்டாங்க. பன்னிரண்டாம் நாள் பள்ளிக்கூட வாசல்ல செல்ஃப் எடுக்கல. என் பத்தாம் வகுப்புப் பயலுவதான் தள்ளிவிட்டானுவ. திரும்பப் போனா, "அப்போ ஆல்டர்னேட்டர்தான், 9,000 ஆகும்." இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற கருவி அது. அப்படின்னா அந்த 4,600 எதுக்கு? கேட்டதுக்குப் பதிலே இல்ல.

திருநெல்வேலி பேட்டையில இருக்கிற இந்தக் கடைக்குப் போனது அதுக்கப்புறம்தான். தகரக் கூரை, வாசல்ல ஒரு வேப்பமரம், உள்ள மெக்கானிக் பாய் ஒருத்தரும் ஒரு பையனும். பாய் மீட்டரை எடுத்து முதல்ல புதுப் பேட்டரியைப் பாத்தார்: 12.1 வோல்ட். நல்லா சார்ஜ் ஏறின பேட்டரி 12.6 காட்டணுமாம். இன்ஜினை ஓடவிட்டா 13.4. ஹெட்லைட், ஏசி, ஃபேன் எல்லாத்தையும் போடச் சொன்னார். என் கண்ணு முன்னாலயே 12.4க்கு இறங்கிருச்சு.

"டீச்சரம்மா, பேட்டரி மேல குத்தமில்ல. அதுக்குச் சோறு போய்ச் சேரல."

அப்புறம் செஞ்சதை நான் எங்கயும் பாத்ததில்ல. தண்ணி பாட்டிலோட மூடியில ஆணியால ஓட்டை போட்டு, ஆல்டர்னேட்டரைச் சுத்துற பெல்ட் ஓடும்போதே அதோட உள்பக்கத்துல கொஞ்சம் தெளிச்சார். சத்தம் ரெண்டு மடங்காச்சு. தண்ணி பட்டதும் அடங்கி, காஞ்சதும் திரும்பக் கத்தினா புல்லி (பெல்ட் ஓடுற சக்கரம்) நேர்கோட்டுல இல்லைன்னு அர்த்தமாம். கூடினா பெல்ட் வழுக்குது. "கிணத்துக் கப்பியில ஈரக்கயிறு வழுக்கும்லா, அதே கதைதான்." பெல்ட்டைக் கழட்டிக் காட்டினார். உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு. ஆல்டர்னேட்டர் புல்லியைக் கையால சுத்திவிட்டு, காதை வச்சுக் கேட்டுட்டு, "பேரிங் நல்லாருக்கு"ன்னார்.

புது பெல்ட் மாட்டி, நடுவுல கட்டைவிரலால அழுத்தினா ஒரு சென்டிமீட்டர் அமுங்குற அளவுக்கு டைட் வச்சார். கிரீச் நின்னுருச்சு. நான் பர்ஸை எடுத்துட்டேன். அவரு விடல. எல்லா லோடையும் போட்டு மறுபடி மீட்டர்: ஆல்டர்னேட்டர் முனையில 14.2, பேட்டரியில 13.5. நடுவுல 0.7 எங்க போச்சு? ஆல்டர்னேட்டர்ல இருந்து வர்ற தடி வயரைத் தடவிக்கிட்டே போனார். வயர் நுனியில மாட்டியிருக்கிற லக்குக்கு (உலோக முனை) பக்கத்துல கை சுட்டுச்சு. உறையைக் கீறினா செம்பு பூரா பச்சைப் பூத்துக் கெடக்கு. வெட்டி, புது லக் போட்டு அமுக்கினதும் பேட்டரியில 14.1. ஆல்டர்னேட்டரை வண்டியில இருந்து இறக்கவே இல்ல.

பெல்ட் 520, லக்கும் கூலியும் 350. மொத்தம் 870. மூணு மாசம் ஆச்சு; லைட்டும் எரியல, சத்தமும் இல்ல.

குறையும் சொல்லணும்லா. பில் கேட்டா சிகரெட் அட்டை பின்னால எழுதித் தந்தார். போன் அடிச்சா எடுக்க மாட்டார். உக்கார நாற்காலி கிடையாது, பழைய டயர்தான். சேலைக்கு உத்தரவாதம் இல்ல. ஜிபே இல்ல, ரொக்கம் கொண்டு போங்க. வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்துல கடை பூட்டியிருக்கும். அது தெரியாம போயி வேப்பமரத்தடியில ஒண்ணரை மணி நேரம் நின்னேன். வழி கேக்கறவங்க 'போர்டு இல்லாத கடை'ன்னு கேட்டாலே டீக்கடையில கை காட்டுவாங்க.

பழைய பெல்ட்டைத் தூரப் போடல. தொழுவத்துக் கதவைக் கட்ட ஆகும்னு எங்கம்மா வாங்கி வச்சுக்கிட்டா. அங்க வழுக்காம நிக்கி.