ரஷ்யாவா, ஹெய்ட்டியா, போர்ட் லூயிஸா: செமினாருக்கு எந்தப் புரட்சி?

தங்கை மகள் ரெதுயி பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். இந்தப் பருவத்தில் புரட்சிகளைப் பற்றி ஒரு செமினார்: ஆளுக்கொரு புரட்சியை எடுத்து வகுப்பில் பேசவேண்டும், கடைசியில் கட்டுரை தரவேண்டும். போன ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்தவள் ஒரு தாளை நீட்டினாள். ரஷ்யா 1917, ஈரான் 1979, ஹெய்ட்டி 1791, நம் மொரீஷியஸ் தீவில் பிரெஞ்சுப் புரட்சி, எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கேள்விக்குறியோடு மே 1975. "எதை எடுத்தா மார்க் வரும் மாமா?"

மார்க் எதில் வரும் என்று எனக்குத் தெரியாது. எதில் மாட்டிக்கொள்வோம் என்பது நன்றாகத் தெரியும், ஏனென்றால் என் காலத்தில் நான் எடுத்தது ரஷ்யா. இருபது பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்த ஆசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதில் நீயாகத் தேடி எடுத்துப் படித்த காகிதம் எது?" ஒன்றுகூட இல்லை. எல்லாம் யாரோ பொறுக்கி, யாரோ ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தவை. அது போதாதென்று, ஜார் சக்கரவர்த்தி விழுந்ததைப் பாரதி பாடியதை லெனின் ஆட்சியைப் பிடித்ததற்கான பாட்டு என்று பெருமையாக எழுதியிருந்தேன். ஜார் முடியைத் துறந்தது 1917 மார்ச்சில், லெனின் ஆட்கள் அரண்மனைக்குள் நுழைந்தது நவம்பரில். ரஷ்யாவின் பழைய நாள்காட்டி 13 நாள் பின்தங்கியது, அதனால்தான் பிப்ரவரிப் புரட்சி மார்ச்சிலும் அக்டோபர் புரட்சி நவம்பரிலும் வருகிறது. இதுகூடத் தெரியாமல்தான் எழுதியிருக்கிறேன்.

ஆனாலும் ரஷ்யாவை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. புரட்சிகளை ஒப்பிட்டு எழுதியவர்கள் யாரும் அதைத் தொடாமல் போனதில்லை. 1938-இல் வரலாற்றாசிரியர் கிரேன் பிரிண்டன் இங்கிலாந்து, அமெரிக்கா, பிரான்ஸ், ரஷ்யா நான்கையும் வைத்துப் புரட்சி காய்ச்சல் மாதிரி ஏறி இறங்கும் என்றார். 1979-இல் சமூகவியலாளர் தேடா ஸ்காக்பால் பிரான்ஸ், ரஷ்யா, சீனாவை எடுத்துக்கொண்டு, தலைவர்களின் ஆசையைவிட அரசு உள்ளுக்குள் உளுத்துப்போனதும் வெளிநாட்டு நெருக்கடியும் விவசாயிகளின் எழுச்சியும்தான் பெரிய காரணம் என்று வாதாடினார். செமினார் கோட்பாட்டுக்கானது என்றால் ரஷ்யாவே போதும். சொந்தமாக எதையாவது கண்டுபிடிக்கவேண்டும் என்றால், ரஷ்ய மொழி தெரியாத மொரீஷியஸ் மாணவிக்கு அங்கே என்ன வேலை?

ஈரான் கொஞ்சம் பரவாயில்லை, எதிர்பாராத ஒரு காரணத்தால். புரட்சித் தலைவர் கொமெய்னி 1978 அக்டோபரிலிருந்து பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில்தான் இருந்தார், அங்கிருந்தும் அவர் பேச்சுகள் கேசட்டில் ஈரானுக்குப் போயின. அதனால் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் நாள்வாரியாகச் செய்தி கிடைக்கும், அதை நம் பிள்ளைகள் அகராதி இல்லாமல் படிப்பார்கள். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 1979 ஜனவரி 16-இல் மன்னர் ஷா நாட்டைவிட்டுக் கிளம்பினார், பிப்ரவரி 1-இல் கொமெய்னி இறங்கினார், பிறகு மதகுருக்களின் ஆட்சி வந்தது எல்லாருக்கும் தெரியும். தெரிந்த முடிவிலிருந்து பின்னோக்கிப் படித்தால், தெருவில் இறங்கிய கடைத்தெரு வியாபாரி, எண்ணெய்த் தொழிலாளி, இடதுசாரி மாணவி எல்லாரும் முதல் நாளிலிருந்தே ஒரே ஆட்சியைக் கேட்டதுபோல ஆகிவிடும். அவளுக்குப் பாரசீக மொழியும் தெரியாது. விடுவோம்.

அப்புறம்தான் விஷயமே இருக்கிறது. ஹெய்ட்டியும் நம் தீவும் அவள் தாளில் இரண்டு வரியாக இருந்தன. எனக்கென்னவோ அது ஒரே வரியாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

இரண்டும் ஒரே பிரெஞ்சு அரசின் தீவுகள். அன்று ஹெய்ட்டியின் பெயர் சான் தொமேங், நம்முடையது ஈல் தெ பிரான்ஸ். அங்கே ஏறத்தாழ 5 லட்சம் அடிமைகள், பத்துப் பேரில் ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே 1797 வாக்கில் 49 ஆயிரம் பேர், அதாவது ஐந்து பேரில் நான்கு பேருக்கு மேல். இரண்டு இடத்துக்கும் பாரிஸிலிருந்து ஒரே ஆணை: 1794 பிப்ரவரி 4, அடிமைமுறை ஒழிந்தது. சான் தொமேங்கில் 1791 ஆகஸ்டிலேயே தோட்டங்கள் எரிந்தாயிற்று, 1793 ஆகஸ்ட் 29-இல் அங்கிருந்த ஆணையர் சொந்தொனாக்ஸ் வடபகுதி அடிமைகளுக்கு விடுதலை அறிவித்துவிட்டார், பாரிஸ் அதற்குப் பின்னால்தான் ஓடிவந்தது. நம் தீவில்? ஆணையை அமல்படுத்த பாக்கோ, புர்னெல் என்று இரண்டு பேர் 1796 ஜூனில் படைவீரர்களோடு வந்து இறங்கினார்கள், சில நாளிலேயே குடியேறிய வெள்ளையர்கள் அவர்களைத் திரும்பக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். 1802-இல் நெப்போலியன் அடிமைமுறை தொடரும் என்று சட்டம் போட்டான், இங்கே விடுதலை வர 1835 பிப்ரவரி 1 ஆயிற்று, அதுவும் அதற்குள் தீவைப் பிடித்திருந்த பிரிட்டிஷார் கையால்.

இத்தனைக்கும் போர்ட் லூயிஸில் புரட்சிக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை. குடியேறியவர்களின் சபை இருந்தது, கிளப்புகள் இருந்தன, 1790 நவம்பரில் கடற்படைத் தளபதி மக்னெமாராவைச் சிப்பாய்களே கொன்றார்கள், ராஜா பெயர் வேண்டாம் என்று ஊர்ப்பெயரையே கொஞ்ச காலம் போர்ட் தெ லா மோந்தாஞ் என்று மாற்றினார்கள். கில்லட்டின்கூட நிறுத்தினார்கள், அதில் தலை போனது ஓர் ஆட்டுக்கு மட்டும்தான் என்று கதை சொல்வார்கள். சுதந்திரம், சமத்துவம் என்று கத்திக்கொண்டே ஐந்தில் நான்கு பேரை விலைக்கு விற்ற புரட்சி. இதுதான் கேள்வி, இதற்கு மேல் ஒரு செமினாருக்கு என்ன வேண்டும்?

ஹெய்ட்டியைத் தனியாக எடுத்தாலும் தவறில்லை. அடிமைகளின் எழுச்சியை நடத்திய துசேன் லூவெர்த்யூர், 1803 நவம்பரில் பிரெஞ்சுப் படை தோற்ற வெர்த்தியேர் சண்டை, 1804 ஜனவரி 1 சுதந்திரம், பிறகு 1825-இல் இழப்பீடு என்று பிரான்ஸ் கேட்ட 15 கோடி ஃபிராங்க் என்று கதை தானாக ஓடும். சொந்தொனாக்ஸின் அறிவிப்பு பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவு மொழியான கிரியோலிலும் அச்சாயிற்று. நம் கிரியோல் வேறு, அவர்களுடையது வேறு, இருந்தாலும் சத்தமாக வாசித்தால் ரோஸ் ஹில் பஸ்ஸில் வரும் பாட்டிக்குக்கூடப் பாதி புரிந்துவிடும். ஆனால் ஹெய்ட்டியை எழுதி எழுதி உலகமே மலை குவித்திருக்கிறது. தனிக் கட்டுரையில் இவள் புதிதாக ஒரு கல்லும் வைக்கமுடியாது, ஒப்பீட்டில் முடியும்.

நம் தீவை எடுத்தால் வேலை அதிகம் என்பதையும் சொல்லிவிட்டேன். ஆவணக் காப்பகம் நான் போன காலத்தில் கோரமண்டலில் இருந்தது (சோழமண்டலம் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆகி இங்கே ஒரு ஊருக்குப் பெயராக வந்து உட்கார்ந்திருக்கிறது). 18-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து பழகவே ஒரு வாரம் போய்விடும். தேதிகள் புரட்சி நாள்காட்டியில் இருக்கும், '2-ஆம் ஆண்டு ப்ளூவியோஸ் 16' என்று கண்டால் 1794 பிப்ரவரி 4 என்று மாற்றிக்கொள்ளத் தெரியவேண்டும். அடிமைகள் தம் வாயால் பேசுவது அபூர்வம், ஓடிப்போனவர்களைப் பற்றிய புகாரிலும் விசாரணையிலும் அடுத்தவன் எழுதிய வரிக்குள்ளிருந்துதான் அவர்களைத் தேடவேண்டும்.

இன்னொரு பொறி நமக்கென்றே இருக்கிறது. 'மலபார்' என்று எழுதியிருந்தால் கேரளம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதே, அது பெரும்பாலும் நம் ஆட்கள். பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே காலத்திலிருந்தே புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தனாரும் தச்சரும் இங்கே வந்திருக்கிறார்கள், கான் தே மலபார் என்று ஒரு பேட்டையே அவர்களுக்கு இருந்தது. வீட்டில் நாம் பேசுவது இந்தச் சுதந்திரமான கைவினைஞர்களைப் பற்றி மட்டும்தான். ஆவணத்தைத் திறந்தால் இந்தியாவிலிருந்து அடிமையாக விற்கப்பட்டவர்களும் வருவார்கள், அடிமை வாங்கி வைத்திருந்த மலபார்களும் வருவார்கள். கோவில் கமிட்டியில் இதைச் சொன்னால் யாரும் காபி தரமாட்டார்கள், செமினாரில் சொல்லியே ஆகவேண்டும்.

"தமிழிலேயே ஏதாவது இருக்கா?" என்றாள். இந்தத் தீவைப் பற்றி நான் பார்த்ததில்லை. புதுச்சேரியில் இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது, புரட்சியின் முதல் வருடங்கள் அதற்குள் வந்துவிடும். பிரெஞ்சுக் கொடிக்குக் கீழே இருந்த தமிழ் ஊரில் அது எப்படி விழுந்தது என்று ஒரு பத்தி எழுதலாம், அதற்கு மேல் இழுத்தால் கட்டுரை கைமீறிவிடும்.

மே 1975 மிச்சம். அன்று 20-ஆம் தேதி மாணவர்கள் போர்ட் லூயிஸை நோக்கி நடந்தார்கள், கிராந்த் ரிவியேர் பாலத்தில் போலீஸ் மறித்தது. பிறகு வாக்குரிமை வயது 18 ஆனது, 1977-இலிருந்து இடைநிலைக் கல்வி இலவசம். அந்தக் கூட்டத்தில் என் அத்தையும் இருந்தார், செருப்பு பாலத்தில் போனதை இன்றும் சொல்வார். நேரில் கேட்கக்கூடிய ஒரே 'புரட்சி' இதுதான். ஆனால் ஆட்சி மாறவில்லை, ஆகவே இது புரட்சியா கிளர்ச்சியா என்று வரையறைச் சண்டையிலேயே பாதிக் கட்டுரை தீர்ந்துவிடும், மீதிப் பாதியை அத்தை தன் இஷ்டத்துக்குச் சொல்வார்.

1793 முதல் 1796 வரை மட்டும், இரண்டு தீவு, ஒரு ஆணை என்று கடைசியில் நறுக்கிக் கொடுத்தேன். புதன்கிழமை ராத்திரி ஒரு போட்டோ வந்தது, கறுத்த மையில் ஒரு சபைக் குறிப்பு: "மாமா, இது 's'-ஆ 'f'-ஆ?" அரை மணி நேரம் பெரிதாக்கிப் பார்த்தேன். 's'தான்.