மேலே வீடு, கீழே சந்தை: பழைய பெட்ரோல் காரை ஹைப்ரிட் ஆக்கினால் மலையில் கட்டுபடியாகுமா?

கோத்தகிரியில் வீடு, வாரத்துக்கு இரண்டு தடவை மேட்டுப்பாளையம் போய்வர வேண்டிய வேலை, ஒரு பழைய ஆல்டோ. இந்த மூன்றும் இருந்ததால்தான் எனக்கும் என் சித்தப்பா மகனுக்கும் இந்த ஆசை வந்தது. இறங்கும்போது பிரேக்கில் சூடாகி வீணாகிற சக்தியை பேட்டரியில் பிடித்து வைத்து, ஏறும்போது செலவழித்தால் என்ன? மலையில் கார் ஓட்டுகிற பலருக்கும் ஒருமுறையாவது தோன்றியிருக்கும். பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த வண்டிதான் ஹைப்ரிட். பழைய ஆல்டோவை நாங்கள் ஷெட்டில் அப்படிச் செய்தே பார்த்தோம். அந்த அனுபவத்தோடு மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர், இறக்கம் கிட்டத்தட்ட 1,450 மீட்டர். ஆல்டோவும் இரண்டு ஆளும் பேட்டரியும் மோட்டாரும் சேர்த்து 950 கிலோ என்று வையுங்கள். அவ்வளவு எடை அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது விடுகிற சக்தி மூன்றே முக்கால் யூனிட். வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான். டயர் உருளவும் காற்றைக் கிழிக்கவும் ஒன்றரைக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடும். மீதி இரண்டரைக்குள். மோட்டார், அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலர், பேட்டரி மூன்றும் தங்கள் பங்கைத் தின்றபின் ஒன்றரை யூனிட் கைக்கு வந்தால் அதிகம். திரும்பி ஏற வேண்டியதோ ஐந்து யூனிட். பெட்ரோலில் பார்த்தால் போய்வர ஒரு நடைக்கு மிச்சம் அரை லிட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். எங்களுக்கு ஆன செலவு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். வாரம் இரண்டு நடை என்றால் போட்ட பணம் திரும்பக் கால் நூற்றாண்டு ஆகும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கிற வகை) உள்ள காரை கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்கினால், கம்ப்யூட்டரே பெட்ரோலை நிறுத்திவிடுகிறது. ஆக இறக்கத்தில் மிச்சம் பிடிக்கப் பெட்ரோலே இல்லை. லாபம் எது வந்தாலும் ஏற்றத்தில்தான்.

இனி முதல் வழி, நாங்கள் செய்தது. ஆல்டோ முன்சக்கரத்தால் ஓடுகிற வண்டி, பின்சக்கரங்கள் சும்மா உருளுகின்றன. அங்கே எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) இரண்டு, தலா ஒன்றரை கிலோவாட். டிக்கியில் 48 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. லெட்-ஆசிட் போட்டிருந்தால் எடையே 120 கிலோ வந்திருக்கும், மலைக்குளிரில் திறனும் குறையும். அதை யோசிக்கவே இல்லை.

மோட்டாரை மாட்ட பின்பக்க பிரேக் டிரம்மைக் கழற்றினோம். கழற்றி, மாட்டி, வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியபின்தான் உறைத்தது: ஹேண்ட் பிரேக் அந்த டிரம்மில்தான் இருந்தது! அன்றிலிருந்து வண்டியை எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்குப் பின்னால் கல். மலைச்சரிவில் ஹேண்ட் பிரேக் இல்லாத காரைப் பற்றி நான் வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் மிடில் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் பெர்ரியின் குழு 1994 மாடல் ஹோண்டா ஒன்றைப் பின்சக்கர மோட்டாரால் ஹைப்ரிட் ஆக்கியபோது, பிரேக்கை அப்படியே விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள இடத்தில் மோட்டாரை அமைத்தார்கள். அப்படி அளவெடுத்துச் செய்ய லேத் பட்டறையும் பொறியாளர் குழுவும் வேண்டும். அவர்கள் குறிவைத்ததும் ஊருக்குள் மெதுவாக ஓடுகிற ஓட்டத்தைத்தான், மலைப்பாதையை அல்ல.

ஸ்கூட்டர் மோட்டாரின் ஆக்சில் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்கூட்டர் வளைவில் சாய்ந்து திரும்பும். அதனால் சக்கரத்தின் மேல் பக்கவாட்டு பாரம் அதிகம் விழாது. கார் சாயாமல் திரும்புகிறது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முழு பாரமும் அந்த ஆக்சிலைப் பக்கவாட்டில் நெம்பும். அதற்கென்று செய்யாத பொருள் அது.

ஓட்டியது எஸ்டேட் பாதையில் மட்டும், இரண்டு கிலோமீட்டர். ஏற்றத்தில் உதவி தெரிந்தது உண்மை. கோத்தகிரி உயரத்தில் காற்று மெலிந்து 796 சிசி இன்ஜினின் பலம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மோட்டாருக்கு அந்தக் குறை இல்லை. தேயிலை மூட்டையோடு முதல் கியரில் முனகும் வண்டி இரண்டாவதில் ஏறியது. தம்பி முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை மறக்க மாட்டேன். ஆனால் மேலே வந்து மோட்டாரைத் தொட்டால் கை வைக்க முடியாத சூடு. அதே வேலையை மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு மணி நேரம் செய்யச் சொன்னால் கன்ட்ரோலர் பாதி வழியில் கையை விரித்துவிடும்.

என்னைப் பயமுறுத்தியது இறக்கம். ஒருநாள் தம்பி இன்ஜினை அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் நம்பி இறங்கினான். முதல் பிரேக் சரி. இரண்டாவது கொஞ்சம் கெட்டி. மூன்றாவது மிதியில் பெடல் கல் மாதிரி நின்றுவிட்டது. “அண்ணா, பிரேக் பிடிக்கலண்ணா!” என்று கத்திக்கொண்டே இரண்டு காலாலும் மிதித்து, மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினான். நம் மிதியின் பலத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டர் வேலை செய்வது ஓடுகிற இன்ஜின் இழுக்கும் வெற்றிடத்தால். இன்ஜின் நின்றால் பூஸ்டரில் மிச்சமிருப்பது இரண்டு, மூன்று மிதிக்குத்தான். தனியாக எலெக்ட்ரிக் வேக்குவம் பம்ப் வைக்காமல் இன்ஜினை அணைத்து ஓட்டுகிற எந்த வீட்டு ஹைப்ரிட்டும் மலையில் ஆளைக் கொல்லும்.

ஐப்பசி மழையில் இன்னொரு பாடம். இறங்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரம் லேசாகிறது. மோட்டார் வழியாகச் சார்ஜ் ஏற்றுவது என்றால் அந்த லேசான பின்சக்கரத்தைத்தான் பிடித்து இழுக்கிறோம். ஈரத்தழை கிடந்த ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் ஒரு முழம் வெளியே வழுக்கியது. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கமும் தேயிலை என்பதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மோட்டாரைச் சக்கரத்தில் மாட்டாமல் இன்ஜின் பெல்ட்டோடு சேர்ப்பது இன்னொரு வழி. புனேயின் கேபிஐடி கம்மின்ஸ் நிறுவனம் 2010-இல் அறிவித்த ரெவலோ கிட் அந்த வகை. பிரேக்கைத் தொடுவதில்லை, பாரமும் முன்சக்கரத்திலேயே இருக்கிறது, யோசனை நல்லது. ஆனால் ஒரு பெல்ட் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் உதவி, வீட்டில் செய்கிற காரியமும் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. ஹைப்ரிட், எலெக்ட்ரிக் கிட்களுக்கு 2016 விதித்திருத்தம் வழி திறந்திருக்கிறது. ஆனால் கிட் சோதனை நிலையத்தில் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்றவர் மாட்ட வேண்டும், ஆர்.டி.ஓ. ஆர்.சி.யில் பதிய வேண்டும். ஷெட்டில் மாட்டியது இதில் எதிலும் வராது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கம்பெனி ஹைப்ரிட் வாங்கினால்? மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் 2022-இல் வந்தபோது ஷோரூம் விலை 17.99 லட்சத்தில் தொடங்கியது. லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்பது சோதனைக்கூட எண். அதன் பேட்டரி 0.76 யூனிட்தான். என் கணக்குப்படி அந்த எடைக்கு மேட்டுப்பாளையம் இறக்கத்தில் கிடைக்கக்கூடியது அதைப்போல மூன்று மடங்கு. பாதி மலைக்கு முன்பே பேட்டரி நிரம்பிவிடும், அப்புறம் இன்ஜினைச் சுழற்றித்தான் வேகத்தைக் கட்டுப்படுத்தும். கியர் லீவரில் ‘B’ நிலை இருப்பது அதற்கே. பிரேக், மோட்டார், கம்ப்யூட்டர் எல்லாம் ஒன்றோடொன்று பேசுவதால் நாங்கள் பட்ட ஆபத்து எதுவும் அதில் இல்லை. மைலேஜுக்காக இதை வாங்குகிறவர் சமவெளியில் அதிகம் ஓடுகிறவராக இருக்கட்டும்.

முழு எலெக்ட்ரிக் காரை நான் முதலில் ஒப்பீட்டிலேயே வைக்கவில்லை. கணக்குப் போட்டபின் அதுதான் முன்னால் நிற்கிறது. டாடா டியாகோ இ.வி.யின் பெரிய பேட்டரி 24 யூனிட். இறக்கத்தில் வருகிற இரண்டு யூனிட்டை அப்படியே வாங்கிக்கொள்ள அதில் இடம் இருக்கிறது, ஒரு நிபந்தனையோடு. ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்தோடு காலையில் இறங்கினால், வருகிற சக்திக்குப் போக இடமில்லை. மேலே வீடு இருக்கிறவர் 90-இல் நிறுத்த வேண்டும். எங்கள் 48 வோல்ட் பேட்டரி என்றால் 65-லேயே நிறுத்தியிருக்க வேண்டும். வீடு மேட்டுப்பாளையத்திலும் வேலை கோத்தகிரியிலும் இருக்கிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை: நிரப்பிக்கொண்டு ஏறலாம், காலியோடு இறங்கலாம். ஹைப்ரிட்டோ எலெக்ட்ரிக்கோ, மலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி உங்கள் பிளக் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதுதான்.

புது எலெக்ட்ரிக் காருக்கு என்னிடம் இப்போது பணம் இல்லை. எனவே ஆல்டோ பெட்ரோலிலேயே ஓடுகிறது. டிரம் திரும்பவும் மாட்டியாயிற்று, புது லைனர் போட்டு ஹேண்ட் பிரேக் கேபிளையும் மாற்றினோம். இறக்கத்தில் இரண்டாவது கியர், நியூட்ரல் கிடையவே கிடையாது. மோட்டார் இரண்டும் தம்பியிடம். பேட்டரி என் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிறது. போன கார்த்திகையில் மரம் விழுந்து இரண்டு ராத்திரி கரண்ட் இல்லாதபோது வீட்டில் விளக்கு எரிந்தது அதில்தான்.