தட்டு தாழ்வதும் ஆள் விழுவதும்: ஷார்ட்டர் ஆக்ஸ்போர்டு அகராதி

ஜேம்ஸ் ஹாரிங்டன் 1656-இல் எழுதிய அரசியல் நூலில் சில பக்கங்களைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாட்டின் நிலம் முழுவதும் ஒருவனுக்கே சொந்தமானாலும், நான்கில் மூன்று பங்கு அவன் கையில் இருந்து அவன் மக்களை 'ஓவர்பேலன்ஸ்' செய்தாலும், அங்கே அவன் வைத்ததே சட்டம் என்று வாதிடுகிறார். என்னிடமிருந்த கையடக்க அகராதியில் 'நிலைதடுமாறி விழு' என்ற ஒரே பொருள்தான் இருந்தது. 'மக்களை நிலைகுலையச் செய்தால்' என்று எழுதிவிட்டேன். இரண்டு நாள் அந்த வரி உறுத்திக்கொண்டே இருந்தது. நிலக்கணக்குப் பேசுகிறவர் எதற்காகத் திடீரென்று மக்களைக் குப்புறத் தள்ளுகிறார்?

அந்த உறுத்தல்தான் ஷார்ட்டர் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியை வாங்க வைத்தது. 2007-இல் வந்த ஆறாம் பதிப்பு, இரண்டு பெரிய தொகுதிகள். பழைய புத்தகக் கடையில் கிடைத்ததால் இரண்டாம் தொகுதியின் முதுகு சற்றுத் தளர்ந்திருந்தது, துணிப்பட்டை ஒட்டிக்கொண்டேன்.

இதன் பெரும்பலம், பொருள்களை அவை வழக்குக்கு வந்த வரிசையில் தருவது. இந்தச் சொல்லுக்கு முன்னே நிற்பது 'எடையில் விஞ்சுதல்'. விழவைப்பதும் விழுவதும் பின்னால் வருகின்றன. அதைப் படித்ததும் ஹாரிங்டனின் தராசு கண்ணில் தெரிந்தது. ஒரு தட்டில் ஒற்றை நிலக்கிழார், மறு தட்டில் ஊர் மொத்தமும். தாழ்ந்து நிற்பது அவன் தட்டு. யாரும் விழவில்லை. 'மக்களை விஞ்சி நின்றால்' என்று திருத்தினேன், வரி உடனே நேரானது.

'பேலன்ஸ்' என்பதன் வேர் இரு தட்டு என்று பொருள்படும் லத்தீன் சொல். தட்டு தாழ்வதிலிருந்து ஆள் தடுமாறுவது வரை ஆங்கிலம் ஒரே சொல்லை நீட்டிக்கொண்டு போயிருக்கிறது. நமக்கும் அப்படி ஒன்று உண்டே! 'சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை' என்கிறது 118-ஆம் குறள். தராசுக்கோல் சாய்வதற்கும் நடுவர் ஓரஞ்சாய்வதற்கும் 'கோடு' என்ற ஒரே வினை. அன்று மாலை முழுவதும் அந்த மகிழ்ச்சியிலேயே கழிந்தது.

வழக்கொழிந்த பொருள்களைச் சிறு குத்துவாள் குறியிட்டுக் காட்டுகிறார்கள். பழைய உரைநடையை மொழிபெயர்ப்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஒரு சொல் பிறந்த ஆண்டை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. நூற்றாண்டின் தொடக்கமா, நடுவா, இறுதியா என்பதை ஓர் எழுத்தாலும் எண்ணாலும் குறிப்பதோடு சரி. துல்லியமான ஆண்டு வேண்டுமென்றால் இருபது தொகுதி ஆக்ஸ்போர்டு பேரகராதியைத்தான் புரட்ட வேண்டும், அல்லது அதன் இணையப் பதிப்பைப் பார்க்க வேண்டும். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தைத் தமிழாக்குகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். மடியில் வைத்துப் படிக்கிற கனம் இல்லை, மேசையில் இடம் ஒதுக்கிவிடுங்கள்.