பழைய குக்கூ கடிகாரத்தோடு சில வருடங்கள்

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பழைய குக்கூ கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. மணியடிக்கும்போது சின்னக் கதவைத் திறந்து ஒரு பறவை வந்து கூவுமே, அந்தக் கடிகாரம். பழைய சாமான் சந்தையில் வாங்கியது. இந்த ஊர்ப்பக்கம் 'வேட்டை' வகை என்பார்களே, அது. உச்சியில் கொம்பு விரித்த மான் தலை, அதன் கீழே குறுக்காக இரண்டு துப்பாக்கி, ஒரு பக்கம் தலைகீழாகத் தொங்கும் முயல், மறுபக்கம் ஒரு காட்டுக்கோழி, சுற்றிலும் ஓக் இலைகள். அடியில் ஊசியிலை மரக் காய் வடிவத்தில் வார்த்த இரண்டு இரும்புக் குண்டுகள்.

பழசு வாங்கப் போனால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "முதலில் மெஷினைப் பார், ஓடுதா என்று பார்." எனக்கு இதில் உடன்பாடில்லை. ஓடாத கடிகாரத்தை ஓடவைத்துவிடலாம். துருத்தி, சங்கிலி, குண்டு, பெண்டுலம் எல்லாம் இன்றைக்கும் புதிதாகவே கிடைக்கின்றன. மான் கொம்பில் ஒரு கிளை போயிருந்தாலோ, இலை நுனி நாலைந்து உடைந்திருந்தாலோதான் தலைவலி. அதே மரம், அதே சாயம், அதே கைவாகு எல்லாம் ஒத்துப்போகச் செதுக்கித் தரும் ஆளைப் பிடித்து, அவர் கேட்கிற கூலியையும் கொடுத்தாக வேண்டும். அதனால் என் கட்சி, முதலில் மரத்தைப் பார் என்பது.

மரத்தில் என்ன பார்ப்பது? பெரும்பாலும் லிண்டன் மரத்தில்தான் செதுக்குவார்கள். மிருதுவான, நெருக்கமான இழை, உளி எந்தப் பக்கம் திரும்பினாலும் அவ்வளவாகப் பிளக்காது. என்னுடையதில் ஓர் இலையைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் விளிம்பு பிஸ்கட்டை விட மெல்லிசு. பின்புறத்தையும் குடைந்து எடுத்திருக்கிறார்கள். சுவரோடு ஒட்டி நிற்கும் அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் அப்படிக் குடைந்தால்தான் முன்னாலிருந்து பார்க்கையில் இலை பலகையை விட்டு எழும்பி நிற்கும், அதன் நிழல் பலகையில் விழும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் நரம்புக் கோடுகளில் உளி நின்று திரும்பிய இடம்கூடத் தெரிகிறது. ஒரு கோட்டின் ஆழம் இன்னொன்றுக்கு இல்லை. இப்போது வரும் மலிவு ரகங்களில் இயந்திரம் வெட்டியதைக் கையால் லேசாகத் தொட்டுவிடுவதோடு சரி. எல்லா இலையும் ஒரே அச்சு, பின்பக்கம் தட்டை. முயலின் காதில் மட்டும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. உடலை விட அதன் சாயம் ஒரு சாயல் வெளுத்திருக்கிறது, எப்போதோ ஒட்டியதாக இருக்கலாம். அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தேன்!

காட்டு வீட்டைப் போல இருக்கும் இந்த வடிவம் விவசாயி வீட்டிலிருந்து வந்ததென்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ரயில்வேயிலிருந்து வந்தது. 1850இல் ஃபுர்ட்வாங்கன் கடிகாரப் பள்ளியின் தலைவர் ராபர்ட் கெர்விக், கடிகாரத்துக்குப் புதிய வடிவம் கேட்டு ஒரு போட்டி அறிவித்தார். தென்மேற்கு ஜெர்மனியின் பாடன் பகுதி ரயில்வே கட்டடங்களை வடிவமைத்த ஃப்ரீட்ரிஷ் ஐசன்லோர், ரயில் பாதைக் காவலாளியின் வீட்டு முகப்பில் ஒரு டயலைப் பொருத்தி வரைந்து அனுப்பினார். திராட்சைக் கொடி மட்டும் படர்ந்த எளிய வரைபடம். அடுத்த பத்து ஆண்டுகளில் கொடி இலையாகி, இலை பறவையாகி, மானும் துப்பாக்கியும் வந்து ஏறிக்கொண்டன. காய் வடிவக் குண்டை ஐசன்பாக்கைச் சேர்ந்த யோஹான் பாப்டிஸ்ட் பெஹா 1862இல் கொண்டுவந்தார். ஷோன்வால்டின் ஃப்ரான்ஸ் அன்டன் கெட்டரர்தான் 1730களில் குக்கூவைக் கண்டுபிடித்தார் என்று சுற்றுலாக் கடைகளில் சொல்வார்கள். காதில் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். டிரெஸ்டனில் சாக்ஸனி ஆட்சியாளரிடம் இருந்த குக்கூ கடிகாரத்தைப் பற்றி 1629லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். குக்கூ பிறந்தது ஸ்விட்சர்லாந்தில் என்று சொல்பவர்களுக்கு நான் பதில் சொல்வதையே விட்டுவிட்டேன்.

இனி ஓட்டம். என்னுடையது ஒருநாள் ரகம், தினமும் ஒரு முறை சங்கிலி இழுக்க வேண்டும். எட்டுநாள் ரகம் வசதிதானே என்று பலர் கேட்டுவிட்டார்கள். வசதிதான், ஆனால் அதன் குண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்கு மேல். ஒருநாள் ரகத்தில் கால் கிலோவை ஒட்டித்தான் வரும். பல்சக்கரத்தின் அச்சுத் துளைகள் இரவும் பகலும் தாங்க வேண்டிய பாரத்தில் இந்த வித்தியாசம் பெரிது. பழைய பித்தளைக்கு லேசான குண்டுதான் நல்லது. இன்னொரு காரணமும் உண்டு. தினமும் கிட்டப் போய் நிற்பதால், டிக் டாக் சத்தம் நொண்டினால் காதுக்குச் சட்டென்று தெரிந்துவிடுகிறது. நொண்டினால் பெட்டியின் அடிப்பகுதியை மயிரிழை இடமோ வலமோ நகர்த்தினால் போதும். இழுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: குண்டை மறுகையால் தூக்கிவிடக் கூடாது. அது தொங்கியபடியே இருக்க, சங்கிலியின் வெறும் முனையை இழுக்க வேண்டும். தூக்கினால் சங்கிலி தொய்ந்து பல்லை விட்டு நழுவிவிடும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் வீட்டுக்கு வருகிற குழந்தைகளின் முதல் கேள்வி. பெட்டிக்குள் இருபுறமும் நெட்டையாக ஒரு மரக்குழல், அதன் தலையில் தீப்பெட்டி அளவில் ஒரு துருத்தி. சக்கரத்தில் உள்ள முளைகள் கம்பியை இழுத்து ஒரு துருத்தியைத் தூக்கிவிடும். அது தன் பாரத்தில் அமுங்கும்போது ஒரு குழல் 'குக்' என்னும். மற்றது சற்றுத் தாழ்ந்த சுரத்தில் 'கூ' என்னும். அதே துருத்தியோடு எழும்பும் கம்பி பறவையின் வாலைத் தட்ட, அது குனிந்து நிமிரும். கூடவே சுருள் கம்பியில் ஒரு சுத்தியல் அடி. மணிக்கு மணி எண்ணிக்கை, அரை மணிக்கு ஒன்று என்று ஒரு நாளைக்கு 180 கூவல். ஆண்டுக்கு அறுபத்தைந்தாயிரத்துக்கு மேல். துருத்தியின் மடிப்பில் உள்ள தாளோ தோலோ கிழியாமல் என்ன செய்யும்? எங்களுடையது ஒரு குளிர்காலத்தில் 'குக்' மட்டும் சொல்லி 'கூ'வுக்குப் பதிலாக ஒரு பெருமூச்சு விட ஆரம்பித்தது. ஹீட்டர் காற்றில் மடிப்பு காய்ந்து வெடித்திருந்தது. மேல் துருத்தியை மட்டும் மாற்றி, குழலை அப்படியே விட்டுவிட்டோம். குழலையும் சேர்த்து மாற்றினால் குரலே மாறிவிடும். கடைக்காரர் முழு செட்டாகத் தள்ளிவிடப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

குறைகளும் உண்டு. பழைய அமைப்பில் மணி அடிப்பது எண்ணுச் சக்கரத்தை நம்பி. முள் எங்கே இருக்கிறது என்பது பறவைக்குத் தெரியாது, சக்கரத்தில் அடுத்த பள்ளம் எதுவோ அத்தனை முறை கூவும். கோடைக்காக ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றிவைக்கும் நாளில் நிமிட முள்ளை அவசரமாகச் சுற்றினால் நாலு மணிக்கு ஏழு கூவல்தான். ஒவ்வோர் அரை மணியிலும் நின்று கூவவிட்டு நகர்த்த வேண்டும். அப்படியும் பிசகினால், மணி முள் வெறும் அழுத்தத்தில்தான் நிற்கிறது, கூவின எண்ணுக்கு அதைத் திருப்பி வைத்துவிட்டு, பிறகு நிமிட முள்ளை முன்னோக்கிச் சுற்றிச் சரியான நேரத்துக்குக் கொண்டுவரலாம். நேரத் துல்லியத்தை எதிர்பார்க்கவே வேண்டாம். பெண்டுலத்தின் இலையைத் தண்டில் கொஞ்சம் ஏற்றினால் வேகம், இறக்கினால் தாமதம். குளிர்காலத்துக்கு ஓர் இடம், கோடைக்கு ஓர் இடம் என்று தண்டில் பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இரவில் வாயை மூடவைக்கும் நெம்புகோல் என்னுடையதில் கிடையாது. தூக்கம் லேசானவர்கள் படுக்கையறைச் சுவரில் மாட்டிவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

பழசு எவ்வளவு பழசு என்று கண்டுபிடிக்க முதுகைப் பாருங்கள். அமெரிக்க இறக்குமதிச் சட்டத்தால் 1891லிருந்து அங்கே போன சரக்கில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றானது. 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது, விற்பவர் தாத்தாவின் தாத்தா காலத்துப் பொருள் என்று சத்தியம் செய்தாலும் சரி. வெள்ளை முள் எலும்பா பிளாஸ்டிக்கா என்பதை லென்ஸ் வைத்துப் பாருங்கள், எலும்பில் ஊசி குத்தியது போலக் கருப்புப் புள்ளிகள் இருக்கும். மரத்தில் பூச்சி அரித்த பழைய துளைகள் இருந்தால் பயம் இல்லை, துளைக்குக் கீழே புது மாவு கொட்டியிருந்தால் வாங்காமல் நடையைக் கட்டுங்கள்.

வாங்கிவிட்டீர்களா? தூக்கிக்கொண்டு கிளம்பும் முன் பெண்டுலத்தையும் குண்டுகளையும் கழற்றுங்கள். சங்கிலிகள் பெட்டியை விட்டு வெளியே வரும் இடத்தில், கண்ணிகளுக்குள் ஒரு கம்பியைக் கோத்து முறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் வழியில் ஒரு குலுக்கலில் சங்கிலி உள்ளே விழும், வீட்டுக்கு வந்ததும் பின்பலகையைத் திறக்க வேண்டியிருக்கும். சுவரில் மாட்டி, பறவைக் கதவின் மேல் கம்பிக் கொண்டி போட்டிருந்தால் அதைத் திருப்பிவிட்ட பிறகுதான் குண்டைத் தொங்கவிட வேண்டும்.